முகட்டில் கால் வைப்பதற்கு முன்னால்: வாசகர் கேள்வி பதில்

மலை முகட்டின் மேலாகவே நடந்து, ஒரு சுற்று சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் பாதைகளைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் ஏற்கெனவே ஆள் சேர்த்துத் தேதியும் குறித்துவிட்டார்கள் போலிருக்கிறது. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதுதான். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன், பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரும் இல்லை.

கேள்வி: அலுவலக நண்பர்கள் பதினொரு பேர் போகிறோம். சுற்று மொத்தம் 13 கிலோமீட்டர். சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சாதாரணமாக நடப்போம், அப்படியானால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடாதா? காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடலாம் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

பதில்: அவரை மதியச் சாப்பாட்டைப் பையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மலையில் தூரம் பாதிக் கணக்குதான், மீதிப் பாதி ஏற்றம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன ஒரு கணக்கு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நீங்கள் எழுதியிருக்கும் பாதையில் மொத்த ஏற்றம் 1100 மீட்டர். தூரத்துக்கு இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம், ஏற்றத்துக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம், ஆக நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் இது நல்ல உடற்கட்டுள்ள ஒருவர் எங்கும் உட்காராமல், படம் எடுக்காமல், செருப்புக் கடிக்கிறது என்று நிற்காமல் நடந்தால். பதினொரு பேர், அதில் பாதிப் பேருக்கு முதல் மலை என்றால், அந்த எண்ணை ஒன்றரையால் பெருக்குவதுதான் என் வழக்கம். அதுவே ஆறே முக்கால் மணி நேரம். ஓய்வையும் சேர்த்தால் எட்டு மணி நேரம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கையையும் பயன்படுத்தி ஏற வேண்டிய பாறைப் பகுதி வந்தால் நெய்ஸ்மித் கணக்கு அங்கே செல்லாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும், அதுவும் ஒரே ஆள் மட்டும் கடக்கக்கூடிய இடமென்றால் பதினொரு பேரும் வரிசையில் நின்று காத்திருக்க வேண்டும். விடிந்ததும் நடக்க ஆரம்பித்துவிடுங்கள். அப்புறம், எத்தனை மணிக்கு இறங்கிவிடுவோம் என்று நம்பினாலும் சரி, ஆளுக்கொரு தலைவிளக்கு பையில் இருக்கட்டும். கைபேசி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு செங்குத்தான பாதையில் இறங்கினால் ஒரு கை அதற்கே போய்விடும், வழி காட்ட வேண்டிய பேட்டரியும் அதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: தொடங்கும் இடம் 820 மீட்டர் உயரம், சிகரம் 1610 மீட்டர். கழித்தால் 790 வருகிறது. ஆனால் ஆப் 1100 என்று காட்டுகிறது. ஆப் தப்பா, என் கணக்கு தப்பா?

பதில்: இரண்டுமே சரி. முகடு என்பது நேராக இழுத்த கோடு இல்லை. ஒரு மேட்டில் ஏறினால் அடுத்து ஒரு பள்ளம், திரும்ப ஒரு மேடு. பள்ளத்தில் 100 மீட்டர் இறங்கினால் அந்த 100 மீட்டரைத் திரும்ப ஏறித்தான் ஆக வேண்டும், அப்படி மூன்று இடம் இருந்தால் 300 மீட்டர் கூடிவிடும். சிகரத்தைத் தொட்டாயிற்று, இனி இறக்கம்தான் என்று எல்லோரும் மனதளவில் ஓய்ந்துபோன பிறகுதான் இந்த ஏற்றங்கள் வரும் என்பது கூடுதல் வேதனை.

வரைபடத்தில் சம உயரக் கோடுகளைப் பாருங்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, தள்ளித்தள்ளி இருந்தால் சரிவு குறைவு. இரண்டு பக்கமும் கோடுகள் அடர்ந்து நடுவில் உங்கள் பாதை ஓடினால் அதுதான் கத்தி முனை மாதிரியான முகடு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கோட்டுக்கும் கோட்டுக்கும் 20 மீட்டர் இடைவெளி உள்ள வரைபடத்தில் 15 மீட்டர் உயரப் பாறை ஒன்று கோட்டிலேயே சிக்காமல் தப்பிவிடலாம். வரைபடத்தில் இல்லை என்பதால் வழியிலும் இல்லை என்று ஆகாது.

கேள்வி: வலமாகச் சுற்றுவதா, இடமாகச் சுற்றுவதா? குழுவில் பெரிய சண்டையே நடக்கிறது.

பதில்: சண்டை போட வேண்டிய விஷயம்தான், போடுங்கள். பொதுவாகச் சொன்னால், செங்குத்தான பக்கத்தில் ஏறி, சரிவு குறைந்த பக்கத்தில் இறங்குங்கள். ஏறும்போது பாறை கண்ணுக்கு நேரே இருக்கிறது, கை எங்கே வைக்கலாம், கால் எங்கே வைக்கலாம் என்று தெரிகிறது. இறங்கும்போது கால் வைக்கப்போகும் இடத்தை உங்கள் உடம்பே மறைக்கும். அதோடு, கடினமான பகுதி காலையிலேயே முடிந்துவிடும், உடம்பில் தெம்பு இருக்கும். ஏறிப் பார்த்து முடியவில்லை என்றால் வந்த வழியே திரும்ப நிறைய நேரமும் இருக்கும்.

பேர்போன சுற்றுகளில் பெரும்பாலானோர் இப்படித்தான் போகிறார்கள். இங்கிலாந்தின் ஹெல்வெலின் மலையில் ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற ஒடுக்கமான முகட்டில் ஏறி, 950 மீட்டர் சிகரத்தைத் தொட்டு, ஸ்விரல் எட்ஜ் வழியாக இறங்குவது வழக்கம். வேல்ஸில் ஸ்னோடன் மலையின் குதிரைலாடச் சுற்றில் மிகவும் பயமுறுத்தும் கிரிப் காக் முகட்டை முதலிலேயே முடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் பிராங்கோனியா முகட்டுச் சுற்று கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர், அங்கே அருவிகளை ஒட்டிப் போகும் பாதையில் ஏறி, ஓல்ட் பிரைடில் பாத் வழியாக இறங்கச் சொல்வார்கள். காரணம் லேசானது: அருவிப் பக்கம் பாறை ஈரமாக இருக்கும், ஈரப் பாறையில் ஏறுவது சிரமம்தான், ஆனால் களைத்த காலோடு இறங்குவது ஆபத்து.

விதிவிலக்கு உண்டு. பலமான காற்று ஒரே திசையிலிருந்து அடிக்கும் நாளில், முகட்டின் நீளத்துக்கும் அதை முகத்தில் வாங்கிக்கொண்டு நடப்பதைவிட முதுகில் வாங்குவது மேல். தப்பி இறங்கும் கிளைப்பாதைகள் எல்லாம் ஒரே கோடியில் இருந்தால் அவற்றையும் கணக்கில் எடுங்கள். வாகனம் எங்கே நிறுத்த வசதி என்பதை வைத்துத் திசையை முடிவு செய்பவர்கள்தான் அதிகம், அது மட்டும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழுவில் நாலு பேர் ஓட்டக்காரர்கள், இரண்டு பேர் ரொம்ப மெதுவு. போன முறை முன்னால் போனவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருந்தார்கள், அப்படியும் மெதுவாக வந்தவர்கள் கடைசியில் கோபித்துக்கொண்டார்கள். காத்திருந்தது தப்பா?

பதில்: காத்திருந்த விதம் தப்பு. நடந்ததை நானே சொல்கிறேன் பாருங்கள். முன்னால் போனவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, அரட்டை அடித்து, பத்து நிமிடம் நன்றாக இளைப்பாறியிருப்பார்கள். பின்னால் வந்தவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்த அதே நொடியில் “ஆ, வந்தாச்சு, கிளம்பலாமா?” என்று எல்லோரும் எழுந்து நின்றிருப்பார்கள். ஆக, ஓய்வே தேவைப்படாதவருக்கு நாள் முழுக்க ஓய்வு, தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. கோபம் வராமல் என்ன செய்யும்? கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் இடைவேளையின் கடிகாரம் ஓட ஆரம்பிக்க வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டாலே பாதிச் சண்டை குறையும்.

மீதிப் பாதிக்கு: மெதுவாக நடப்பவரை வரிசையில் இரண்டாவதாக விடுங்கள், வழி தெரிந்தவர் முதலில். பின்னால் வருபவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். குழுவின் வேகம் அவருடைய வேகம்தான், எப்படி நிற்கவைத்தாலும் அது மாறப்போவதில்லை. முன்னால் இருந்தால் அவர் விரட்டப்படுவதாக நினைக்காமல் ஒரே சீராக நடப்பார், அப்படி நடந்தால் மொத்தத்தில் நேரம் மிச்சமாகிறது. நீளமான வரிசையில் முன்னால் இருப்பவர் சின்னதாக ஒரு நடை கூட்டினாலும், வால் பக்கம் இருப்பவர் ஓடித்தான் சேர வேண்டியிருக்கும். கடைசியில் ஒரு ஆள் நிலையாக இருக்க வேண்டும், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, யாராவது ஒதுங்கப் போனால் அவரும் நிற்க வேண்டும். அந்த வேலையை அனுபவமும் பொறுமையும் உள்ளவருக்குக் கொடுங்கள். நடக்க முடியாதவரைக் கடைசியில் விட்டு அவரையே காவலாளி ஆக்கும் குழுக்களும் இருக்கின்றன.

பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் சேர்ந்த பிறகே நகருங்கள். ஓட்டக்காரர்களின் கால் துறுதுறுவென்று இருந்தால் பொதுத் தண்ணீர், மருந்துப் பை எல்லாவற்றையும் அவர்கள் முதுகில் ஏற்றிவிடுங்கள். குழுவை இரண்டாகப் பிரிக்கிறீர்களா, பிரியுங்கள், ஆனால் வரைபடம், விளக்கு, முதலுதவி, வழி தெரிந்த ஆள் என எல்லாம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். வழி தெரிந்த ஒருவர் முன்னால் ஓடிவிட்டு, கார் சாவியும் அவர் பையிலேயே இருந்தால் அதற்குப் பெயர் பிரிவது இல்லை, கைவிடுவது.

கேள்வி: அந்த மெதுவாக நடக்கும் ஆள் நான்தான். என்னால் எல்லோருக்கும் தொல்லை. வரவில்லை என்று சொல்லிவிடட்டுமா?

பதில்: போகலாமா வேண்டாமா என்பதை வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். முகட்டில் ஏறுவதற்கு முன்னால் வேறு பாதையில் ஒரு நாள், இதே அளவு ஏற்றத்தை உங்கள் வேகத்தில் ஏறிப் பாருங்கள். நின்று நின்று ஏறினாலும் பரவாயில்லை, இறங்கி வரும்போது முழங்கால் நடுங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போங்கள், கிளம்பும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைக்கச் சொல்லுங்கள், அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நடுங்கினால் இந்த மலையை இந்த முறை விட்டுவிடுங்கள். ஏறும்போது பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பேச்சு வராமல் மூச்சு மட்டும் வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு பக்கமும் பள்ளம் என்று படத்தில் பார்த்தாலே எனக்கு உள்ளங்கால் கூசுகிறது. “அங்கே போனால் சரியாகிவிடும்” என்கிறாள் தோழி. சரியாகுமா?

பதில்: சிலருக்கு ஆகும், சிலருக்கு ஆகாது. ஆகாதவர்களுக்கு அது நடு முகட்டில் தெரியவந்தால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அதனால் உயரமும் திறந்தவெளியும் உள்ள, ஆனால் எப்போது வேண்டுமானாலும் திரும்பக்கூடிய ஒரு பாறை மேட்டில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

பயம் வந்தால் உடம்பு ஒரு தவறான வேலையைச் செய்யும்: பள்ளத்திலிருந்து விலகி மலைப் பக்கமாகச் சாயும். அப்படிச் சாய்ந்தால் பாதத்தின் மேல் இருக்க வேண்டிய எடை விலகி, கால் வெளிப்பக்கமாக வழுக்கும். நேராக நில்லுங்கள், எடை பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும், அதுதான் பிடிமானம். பாறைப் பகுதியில் இரண்டு கை, இரண்டு கால் என்ற நாலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க, ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். கண் அடுத்து கால் வைக்கும் இடத்தில் இருக்கட்டும், காட்சி பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள், நடந்துகொண்டே பார்க்காதீர்கள். உட்கார்ந்து நகர்வது, தவழ்வது எல்லாம் கௌரவக் குறைச்சல் இல்லை, ஒடுங்கிய முகடுகளில் அனுபவசாலிகளும் காற்று அதிகமானால் அதைத்தான் செய்கிறார்கள். ஊன்றுகோலை மடக்கிப் பைக்குள் வையுங்கள், பைக்கு வெளியே தொங்கும் பாட்டில், பாய் எதுவும் வேண்டாம், பாறையில் மாட்டி உங்களைத் தள்ளும்.

தோழியிடம் ஒன்று சொல்லுங்கள், பயந்த ஆளைக் கேலி செய்வதும் வீடியோ எடுப்பதும் அந்த இடத்தில் வேடிக்கை இல்லை. ஒரு அடி முன்னால் நின்று, “வலது காலை இங்கே வை” என்று சொல்லிக்கொண்டே போவதுதான் உதவி.

கேள்வி: அடிவாரத்தில் 25 டிகிரி என்று வானிலை அறிக்கை சொல்கிறது. காற்றாடை (காற்றைத் தடுக்கும் மேலாடை), கம்பளி எல்லாம் சுமக்க வேண்டுமா?

பதில்: வேண்டும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும், அதுகூடப் பரவாயில்லை. காற்றுதான் ஆள் விழுங்கி. மலை குறுக்கே நிற்பதால் காற்று முகட்டின் மேலாகவும் பள்ளமான இடைவெளிகள் வழியாகவும் நெருக்கியடித்துப் போகிறது, அங்கே அதன் வேகம் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் உங்களைத் தள்ளும் விசை நாலு மடங்கு. ஏறும்போது வியர்த்து நனைந்த பருத்திச் சட்டையோடு அந்தக் காற்றில் நின்றால் வெயில் நாளிலும் உடம்பு விறைக்கும். ஒருவர் நடுங்குகிறார், பேச்சு குழறுகிறது, ஜிப்பைப் போட விரல் ஒத்துழைக்கவில்லை, தடுமாறுகிறார் என்றால் “கொஞ்சம் களைப்பு” என்று விட்டுவிடாதீர்கள். ஈரத்தை மாற்றி, காற்றுக்கு மறைவாக உட்காரவைத்து, இனிப்பாக ஏதாவது சாப்பிடக் கொடுத்து, இறங்கும் வழியைப் பாருங்கள். மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்திலேயே சட்டையை மாற்றிக் காற்றாடையைப் போட்டுக்கொண்டால் இதில் பெரும்பாலானது வராது.

கேள்வி: முகட்டின் நடுவில் இருக்கும்போது இடி இடித்தால்?

பதில்: முதலில், அப்போது அங்கே இருக்காமல் பார்த்துக்கொள்வது. தரை சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து மேகம் திரள்வது பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், மலையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மதியத்துக்குள் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்ற பழைய வழக்கம் இதனால்தான்.

அப்படியும் மாட்டிக்கொண்டால், மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள். ஒலி மூன்று விநாடியில் ஒரு கிலோமீட்டர் வரும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அதாவது அடுத்தது உங்கள் தலைமேலும் விழலாம். உடனே முகட்டை விட்டு இறங்குங்கள், எந்தப் பக்கம் நடக்கக்கூடிய சரிவோ அந்தப் பக்கம். பயத்தில் தெரியாத பாறைச் சரிவில் குதித்து இறங்குவது வேண்டாம், மின்னலுக்குத் தப்பி பள்ளத்தில் விழுந்தவர்களும் உண்டு. தனி மரத்தடி, தொங்கு பாறையின் அடி, ஆழமில்லாத குகை வாசல் எல்லாம் பாதுகாப்பாகத் தெரியும், ஆனால் மின்சாரம் தரையிலும் பாறைப் பரப்பிலும் பரவும்போது தாவுவதே அப்படிப்பட்ட இடைவெளிகளில்தான். கூட்டமாக நிற்காதீர்கள், ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில் விலகி நில்லுங்கள், ஒரே அடியில் எல்லோரும் விழாமல் இருப்பார்கள். நகர வழியே இல்லையென்றால் காலைச் சேர்த்துக் குந்தி இருங்கள், படுக்க வேண்டாம். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழியட்டும்.

இதைக் கட்டாயம் எல்லோருக்கும் சொல்லுங்கள்: மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை, தொடலாம். பல பேர் விழுந்திருந்தால், மூச்சில்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். முனகுபவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார், மூச்சு நின்றவரை உடனடியாக மார்பை அழுத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்தால் மீட்க வாய்ப்பு நிறையவே இருக்கிறது.

கேள்வி: போன தடவை பாதி வழியில் மூன்று பேர் திரும்பலாம் என்றார்கள், எட்டுப் பேர் போகலாம் என்றார்கள். ஓட்டெடுப்பு நடத்திப் போனோம். மூன்று பேரில் ஒருவர் இன்னும் பேசவில்லை. முடிவை யார் எடுப்பது சரி?

பதில்: மலையில் ஓட்டெடுப்பு நடத்தக் கூடாது. எட்டுப் பேருக்கு முடியும் என்பதால் மூன்று பேரின் கால்களுக்குத் தெம்பு வந்துவிடாது.

உண்மையான சிக்கல் வேறு. போன வழியே திரும்பும் பாதையில் எந்த இடத்திலும் திரும்பலாம், திரும்பினால் வீடு பக்கத்தில் வருகிறது. சுற்றுப் பாதையில் பாதி தாண்டிய பிறகு முன்னால் போவதுதான் குறைந்த தூரம். அதனால் எல்லா வாதமும் “இவ்வளவு வந்தாச்சு, இனிமேல் என்ன” என்பதில் முடியும். ஆனால் முன்னால் இருப்பது இதுவரை யாரும் பார்க்காத வழி, பின்னால் இருப்பது இன்று காலைதான் நடந்து பார்த்த வழி. தூரம் கூடினாலும் பார்த்த வழி பல சமயம் சீக்கிரம் முடியும். இந்தக் கணக்கையெல்லாம் களைத்துப்போய், பசியோடு, காற்று காதில் இரைச்சல் போட, பதினொரு பேர் நின்றுகொண்டு போட முடியாது. அதனால்தான் முடிவெடுக்கும் இடத்தை முன்கூட்டியே குறிக்கச் சொல்கிறேன், அது முகட்டின் நடுவில் இல்லை, முகடு தொடங்குவதற்கு முந்தைய மேட்டில், மரநிழல் இருக்கும்போதே.

அங்கே எல்லோரும் உட்காருங்கள். இந்த இடத்தை இத்தனை மணிக்குள் தொடவில்லை என்றால் திரும்புகிறோம் என்று வீட்டிலேயே ஒரு நேரம் எழுதி வைத்திருக்க வேண்டும், அந்த நேரத்தைப் பாருங்கள். வானத்தைப் பாருங்கள். அப்புறம் குழுவிலேயே மிகவும் களைத்த ஆளைப் பாருங்கள், அவரிடம் “முடியுமா?” என்று கேட்காதீர்கள், நாலு பேர் முன்னால் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். எவ்வளவு தண்ணீர் மிச்சம், கடைசியாக எப்போது சாப்பிட்டாய், கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், பதில் அதிலேயே வந்துவிடும். இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றால் முகடு அன்றைக்கு இல்லை. ஒரே ஒரு ஆள் திரும்பலாம் என்றாலும் அவரோடு துணைக்கு வழி தெரிந்தவர் ஒருவர் திரும்ப வேண்டும், மீதிப் பேருக்கு வழி தெரிந்த இன்னொருவர் இருந்தால்தான் அவர்கள் போகலாம்.

முகட்டில் ஏறிய பிறகும் தப்பி இறங்கக்கூடிய கிளைப்பாதைகள் எங்கே என்று வரைபடத்தில் முதல் நாளே வட்டம் போட்டு வையுங்கள். எதுவுமே இல்லாத முகடு என்றால் முந்தைய மேட்டில் இன்னும் கறாராக இருங்கள். பேசாமல் இருக்கும் நண்பரிடம் நீங்களே போய் முதலில் பேசுங்கள்.

கேள்வி: ஊன்றுகோல் தேவையா?

பதில்: இறக்கத்துக்குத் தேவை, முழங்காலில் விழும் பாரத்தைக் குறைக்கும். இறங்கும்போது கொஞ்சம் நீளமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கிய மறுநாள், அதற்கு மறுநாள் இன்னும் மோசம், தொடை பிடித்துக்கொண்டு படி இறங்க முடியவில்லை. ஏறினால்தானே வலிக்க வேண்டும்?

பதில்: ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது, மூச்சு வாங்கும், ஆனால் தசைக்குச் சேதம் குறைவு. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உங்கள் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த மாதிரி வேலையில்தான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் வருகின்றன. வலி ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகக் குறையும். நல்ல செய்தி, ஒருமுறை இப்படி வலித்த தசை அடுத்த சில வாரங்களில் அதே வேலைக்கு அவ்வளவு வலிக்காது. அதனால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் படி ஏறிப் பழகுகிறவர்கள், லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்கியும் பழகுங்கள். அடி சின்னதாக, முழங்காலை லேசாக மடக்கி இறங்குங்கள், தடதடவென்று ஓடி இறங்குவது சுகமாகத்தான் இருக்கும், பில் இரண்டு நாள் கழித்து வரும்.

கேள்வி: வளைந்து வளைந்து போகும் பாதையில் நேராக வெட்டி இறங்கினால் நேரம் மிச்சமாகுமே? எல்லோரும் அப்படித்தான் இறங்குகிறார்கள்.

பதில்: எல்லோரும் அப்படி இறங்குவதால்தான் அங்கே மழைத் தண்ணீரும் நேராக இறங்கி மண்ணை அரித்து, அடுத்த வருடம் பாதையே ஓடையாகிறது. அது போகட்டும் என்றாலும், நீங்கள் உதைத்துத் தள்ளும் கல் கீழ் வளைவில் நடக்கும் உங்கள் நண்பர் தலையில்தான் விழும். கல் உருண்டால் யார் உருட்டியது என்று பார்க்காமல், சத்தமாக “கல்! கல்!” என்று கத்துங்கள். தளர்ந்த கற்கள் உள்ள சரிவில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்காதீர்கள். ஒன்று நெருக்கமாக, கல் வேகம் எடுப்பதற்குள் தடுக்கும் தூரத்தில் போங்கள், இல்லையென்றால் ஒவ்வொருவராகக் கடந்து மறைவான இடத்தில் காத்திருங்கள்.

கேள்வி: காலையில் முகட்டில் நின்றபோது கீழே மூடுபனியில் ராட்சத உருவம் ஒன்று தெரிந்தது, தலையைச் சுற்றி வானவில் மாதிரி வளையம். நான் கையை ஆட்டினால் அதுவும் ஆட்டியது. பக்கத்தில் நின்ற நண்பன் தன் தலையைச் சுற்றித்தான் வளையம் என்று சாதிக்கிறான். யாருக்குச் சொந்தம்?

பதில்: கொடுத்து வைத்தவர்கள் இரண்டு பேரும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருந்து, எதிரே கீழே பனி மூட்டம் இருந்தால் உங்கள் நிழல் அதில் விழும். ஜெர்மனியில் 1141 மீட்டர் உயர பிராக்கன் மலையில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறார்கள், 1780இல் யோஹான் சில்பர்ஷ்லாக் என்பவர் எழுதி வைத்ததிலிருந்து பிராக்கன் பூதம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நிழல் பக்கத்தில் உள்ள பனியில் விழுந்தாலும், தூரத்தில் இருப்பதாகக் கண் நினைத்துக்கொள்வதால் பெரிதாகத் தெரிகிறது. வளையம், நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் வருவது, அது பார்ப்பவரின் கண்ணுக்கு நேர் எதிரே மட்டுமே தெரியும். ஆகவே அவரவர் தலைக்கு அவரவர் பார்க்கும் வளையம். நண்பன் சொன்னதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. அடுத்த முறை படம் எடுத்துப் பாருங்கள், கேமரா பிடித்தவர் தலைக்குத்தான் வளையம் இருக்கும்.

கேள்வி: எங்கள் பாதையில் சிக்னல் கிடையாது. யாருக்காவது கால் முறிந்தால் என்ன செய்வது?

பதில்: கிளம்பும் முன்னாலேயே பாதி வேலை இருக்கிறது. எந்தச் சுற்று, எந்தத் திசை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் தகவல் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வராத ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். இறங்கியதும் அவருக்குச் சொல்ல மறந்துவிடாதீர்கள், நீங்கள் குளித்துவிட்டுத் தூங்க, மீட்புக்காரர்கள் இருட்டில் உங்களைத் தேடுவார்கள். வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்து, ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், சிக்னலைத் தேடித் தேடிப் பேட்டரி தீராது. காகித வரைபடம் ஒன்றும் இருக்கட்டும்.

அடிபட்டால் முதலில் கல் விழாத, காற்றில்லாத இடத்துக்கு நகருங்கள், முதுகிலோ கழுத்திலோ அடி என்றால் அந்த இடம் ஆபத்தாக இருந்தால் ஒழிய நகர்த்தாதீர்கள். அடிபட்டவருக்குக் கீழேயும் போர்த்த வேண்டும், குளிர் தரையிலிருந்துதான் அதிகம் ஏறுகிறது, காலிப் பைகளைப் பரப்பி அதன்மேல் உட்காரவையுங்கள். உதவிக்கு ஆள் அனுப்பினால் இரண்டு பேராக அனுப்புங்கள், இடம், நேரம், அடி என்ன என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், பதற்றத்தில் ஓடுபவருக்குப் பாதி மறந்துபோகும். அடிபட்டவரோடு ஒருவராவது இருக்க வேண்டும்.

ஆளுக்கொரு விசில் கழுத்தில் இருக்கட்டும், பைக்குள் இருந்தால் பயனில்லை. ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் வழக்கமாகிப் பல நாடுகளுக்குப் பரவிய அபாயக் குறி இது: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதுங்கள், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், திரும்ப ஆறு. இரவில் விளக்கை அதே கணக்கில் அணைத்துப் போடலாம். கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் கொடுப்பார்கள். வட அமெரிக்காவில் மூன்று முறை ஊதுவதையே அபாயக் குறியாக எடுத்துக்கொள்வார்கள், ஆகவே போகும் இடத்தின் வழக்கத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பதில் கேட்டதும் மகிழ்ச்சியில் நிறுத்திவிடாதீர்கள், மலையில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம், ஆட்கள் கண்ணுக்குத் தெரியும்வரை ஊதிக்கொண்டே இருங்கள்.